எதுவும் காணாமல் போகாத திருட்டு

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். கடைசியாக ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியது பள்ளிக்கூடத்துக் கட்டுரை நோட்டில்தான். நாலு பேர் முன்னால் நின்று பேசவும் எனக்கு வராது. லாட்ஜ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் படிப்பதற்காக ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டார்கள். பேசுவதைவிட எழுதுவது பரவாயில்லை என்று ஒத்துக்கொண்டேன். படித்தவர்கள் செய்கிற காரியத்தில் கைவைத்ததற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தட்டி எழுப்புவது

2006-ல் கன்னியாகுமரியில் ஒரு சின்ன லாட்ஜில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன் பூதப்பாண்டியில் ஒரு அரிசி மில்லில் இருந்தேன். லாட்ஜுக்கு மூன்று மாடி, மேலே கிழக்கைப் பார்த்து மொட்டை மாடி. கடல் தெரியும் என்பதால்தான் எங்களுக்கு ஆள் வந்தது.

எங்கள் லாட்ஜில் ஒரு வழக்கம். விடியும் முன் எல்லா அறைக் கதவையும் தட்டி, சூரியோதயம் பார்க்க ஆட்களை எழுப்பிவிடுவோம். அது ஸ்டெல்லா அக்காவின் வேலை. அக்கா கடற்கரை ஊர்க்காரி. அறைகளைச் சுத்தம் செய்வதும் அவள்தான். தமிழ், மலையாளம், இந்தி எல்லாவற்றிலும் 'சூரியன் வருது' என்று சொல்லத் தெரியும். அவள் தட்டினால் எழும்பாமல் படுத்திருக்க முடியாது.

ஆட்கள் தூக்கக் கலக்கத்தோடு மேலே போவார்கள். கைலியோடு போவார்கள், நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு போவார்கள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போவார்கள். கதவைப் பூட்டுகிறவர்கள் குறைவு. வெளியே போனால் சாவியைக் கவுண்டரில் கொடுக்க வேண்டும் என்று சுவரில் எழுதி வைத்திருந்தோம். ஆனால் மொட்டை மாடிக்குப் போவதை யாரும் வெளியே போவதாக நினைப்பதில்லை. நாங்களும் நினைக்கவில்லை. கதவைச் சும்மா இழுத்துச் சாத்திவிட்டுப் போவார்கள். உள்ளே கட்டில்மேல் பர்ஸ், நகை, பை எல்லாம் கிடக்கும்.

இத்தனைக்கும் ஒரு பொருள் காணாமல் போனதில்லை. மேனேஜர் பொன்னையா அண்ணாச்சிக்கு அதில் பெருமை. நெற்றியில் நீளமாக வெள்ளை நாமம் போட்டிருப்பார். வருகிற கஸ்டமரிடம் எல்லாம், "இங்க நீங்க தங்கத்த தரையில போட்டுட்டுப் போலாம் சார்" என்று சொல்வார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அறை எடுப்பவர்களின் ஐ.டி. கார்டை ஒரிஜினலாகவே வாங்கி, சாவி வைக்கிற பொந்தில் போட்டுவிடுவோம். அறையைக் காலி செய்து சாவியைத் தரும்போது கார்டைத் திருப்பிக் கொடுப்போம். சாவியோடு யாரும் பஸ் ஏறிவிடக் கூடாது என்பதற்காக.

மேகம் மூடிய காலை

2012 அல்லது 2013. ஐயப்ப சீசன். லாட்ஜ் நிறைந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் சண்முகவடிவு என்ற அம்மா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தனியாக வந்து இறங்கினார். அறுபது வயது இருக்கும். மகள் மஸ்கட்டில் முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கிறாள். அங்கே கூடமாட இருக்க வேறு ஆள் இல்லை. அம்மாவுக்கு விமானப் பயணம் அதுதான் முதல் தடவை. பகவதியம்மனைக் கும்பிட்டுவிட்டு, மறுநாள் மதியம் திருவனந்தபுரத்துக்குப் போய் உறவுக்காரர் வீட்டில் தங்கி, அடுத்த நாள் காலை விமானம் ஏற வேண்டும். இவ்வளவையும் அறை எடுக்கும்போது கவுண்டரில் நின்று என்னிடம் சொன்னார். பக்கத்தில் நின்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் இரண்டாம் மாடியில் தனியாகத் தங்கியிருந்த சார். டிரைவிங் லைசென்ஸ் கொடுத்து அறை எடுத்திருந்தார். அதில் முரளி என்று பெயர். சுத்தமான சட்டை, மூக்குக்கண்ணாடி, மரியாதையான பேச்சு. வந்து இரண்டு மூன்று நாளாகியும் அவர் ஒரு காலையிலும் மொட்டை மாடிக்குப் போகவில்லை. ஸ்டெல்லா அக்கா அதைக் கவனித்து என்னிடம் கேலியாகச் சொன்னாள். "புதுசா கெட்டினவனுவதான் சூரியன் பாக்க எழும்ப மாட்டானுவ. இந்த சாரு ஒத்தைக்குல்லா வந்திருக்காரு மக்கா?" நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அன்று காலை வழக்கம்போல அக்கா தட்டி எழுப்பினாள். ஆட்கள் மேலே போனார்கள். ஆனால் கிழக்கே மேகம் அடைத்துக்கொண்டு நின்றது. சிறு தூறலும் விழுந்தது. சூரியன் தெரிகிற நாளில் ஆட்கள் இறங்கி வர வெகுநேரம் ஆகும், போட்டோ எடுத்துத் தீராது. அன்றைக்குத் தூறலில் தலை நனைந்தால் சளி பிடிக்கும், பயணத்துக்கு ஆகாது என்று சண்முகவடிவு அம்மா முதல் ஆளாக இறங்கி வந்துவிட்டார்.

அவர் அறைக் கதவை அந்த முரளி சார் வெளியே நின்று சாத்திக்கொண்டிருந்தார். கையில் செல்போன். அம்மாவைப் பார்த்ததும் பதறவில்லை. "காத்துல கதவு அடிச்சுக்கிட்டே இருந்ததும்மா, அதான் சாத்தினேன்" என்றார். அம்மா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் கையில் பாஸ்போர்ட்டோடு கவுண்டருக்கு வந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டு நின்றார்.

"தம்பி, ஒண்ணும் காணாமப் போகலை. சங்கிலி இருக்கு, ரூபா இருக்கு. ஆனா யாரோ என் பாஸ்போர்ட்ட எடுத்துப் பாத்திருக்காங்க."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். பகவதியம்மன் கோயில் குங்குமத்தைப் பத்திரிகைத் தாளில் மடித்து, பாஸ்போர்ட்டில் தன் போட்டோ இருக்கிற பக்கத்தில் வைத்திருந்தாராம். அம்மன் கூடவே வந்தால் விமானத்தில் பயம் இருக்காது என்று. இப்போது அந்தப் பொட்டலம் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. வெள்ளை பெட்ஷீட்டில் குங்குமம் கொட்டிக் கிடந்தது. ஏ.டி.எம். கார்டு உறைக்குள் தலைகீழாக இருந்தது. மறந்துபோகாமல் இருக்க அந்த உறைமேல் மகன் ரகசிய நம்பரை எழுதிக் கொடுத்திருந்தான். கதவைச் சாத்திய சார் கையில் செல்போன் இருந்ததையும் சொன்னார்.

பெருவிரல்

அவர் சொல்லி முடிக்கும் முன்னே அந்த சார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். தோளில் பை. சாவியைக் கவுண்டரில் வைத்து, அறையைக் காலி செய்வதாகச் சொன்னார். பொன்னையா அண்ணாச்சி பக்கத்து அறையிலிருந்து வெளியே வந்தார். நான் அவரிடம் மெதுவாக விஷயத்தையும், பாஸ்போர்ட்டைப் போட்டோ எடுத்திருப்பாரோ என்ற சந்தேகத்தையும் சொன்னேன்.

அண்ணாச்சி தன்மையாகத்தான் கேட்டார். அம்மாவுக்க அறைக்குள்ள போனீங்களா சார், அந்தப் போனைக் கொஞ்சம் காட்ட முடியுமா என்று. அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"என்ன காணோம்?"

அண்ணாச்சி அம்மாவைப் பார்த்தார். அம்மா இல்லை என்று தலையை ஆட்டினார்.

"ஒண்ணும் காணோம்னு இல்ல" என்றார் அண்ணாச்சி.

"அப்புறம் என்ன கேக்கிறீங்க? கதவைச் சாத்தினது தப்பா?"

எத்தனையோ வருடம் லாட்ஜ் நடத்திய அண்ணாச்சிக்கே என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஒரு பொருள் போயிருந்தால் பையைத் திறந்து காட்டச் சொல்லலாம். இங்கே போன பொருள் என்று எதுவும் இல்லை.

ஸ்டெல்லா அக்கா பெருக்குகிற வாரியலோடு படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் அந்த ஆளின் கையைப் பார்த்தாள்.

"சாரே, ஒமக்க பெருவிரல்ல என்னவாக்கும் செவப்பா?"

அவர் கையைப் பார்த்துவிட்டு, நேற்று கோயிலுக்குப் போனேன், குங்குமம் என்றார்.

"நெத்தியில இல்லாத குங்குமம் வெரல்ல மட்டும் ஒரு ராத்திரி இருக்குமா? குளிக்கவே இல்லியா நீரு?"

அவர் கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தார். எதிரே டீ குடித்துவிட்டு வருகிறேன், பில்லை எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினார். பில் பாக்கிக்கு அவர் கார்டு எங்களிடம் இருந்தது, பிடித்து நிறுத்த வேறு காரணம் எதுவும் கையில் இல்லை. அக்கா வாசல்வரை போய்ப் பார்த்தாள். டீக்கடையில் அவர் நிற்கவில்லை. ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

அவருடைய லைசென்ஸ் பொந்தில் அப்படியே இருந்தது.

"லைசென்ஸை விட்டுட்டு ஒருத்தன் போவானா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"அவனுக்கதா இருந்தா போமாட்டான்" என்றாள் அக்கா.

லைசென்ஸை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். பழைய கார்டு, மங்கிய போட்டோ, மூக்குக்கண்ணாடி. கண்ணாடி போட்ட எந்த ஆளுக்கும் அது பொருந்தும். அறை கொடுக்கும்போது அந்தப் போட்டோவை யாரும் முகத்தோடு வைத்துப் பார்ப்பதில்லை. கார்டு இருக்கிறதா என்பதைத்தான் பார்ப்போம்.

அம்மாவுக்கு அப்போதுதான் பயம் வந்தது. என் பாஸ்போர்ட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான் என்று கேட்டார். எங்களுக்கு உறுதியாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் யாருடைய ஐ.டி. நகலையாவது வைத்துச் சிம் கார்டு வாங்கிவிடுகிறார்கள், கடைசியில் போலீஸ் ஒன்றும் அறியாதவர் வீட்டுக்குப் போகிறது என்று பேசிக்கொள்வார்கள். அம்மாவின் பயம் வேறு மாதிரி இருந்தது.

"நாளைக்கு ஏர்போர்ட்ல போய் நிக்கும்போது, உம்பேர்ல ஏற்கெனவே ஒருத்தி ஏறிப் போயாச்சு, நீ யாருன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? எம்பிள்ளை அங்க ஒத்தையில கெடக்காளே."

போலீசுக்குப் போகலாம் என்றேன். அவர் வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். புகார் கொடுத்தால் பாஸ்போர்ட்டைச் சாட்சிக்காகப் பிடித்து வைத்துக்கொள்வார்கள், விமானம் போய்விடும் என்றார். அண்ணாச்சிக்கும் போலீஸ் வேண்டாம். சீசன் நேரம், இன்னும் பத்து லாட்ஜில் விஷயம் பரவும். "ஒண்ணும் போகல்லலா மக்கா, விட்டிரு" என்று என்னிடம் சொன்னார்.

நான் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவன் இல்லை. அன்றைக்கும் எதிர்த்தேன் என்று சொல்ல முடியாது. ஒரு சந்தேகம்தான் கேட்டேன்.

"அண்ணாச்சி, மதியத்துக்குள்ள எல்லாரும் ரூமைக் காலி பண்ணிருவாங்க. ஒருத்தரு ஆந்திரா, ஒருத்தரு கர்நாடகா. அவன் வேற யாரு அறைக்குள்ள எல்லாம் போனானோ? பொறவு நம்ம யாருகிட்டப் போய்ச் சொல்ல?"

அண்ணாச்சி சட்டையை மாட்டிக்கொண்டு, வா, ஒவ்வொரு அறையா சொல்லிருவோம் என்றார். பேச வேண்டியது அவர், கூட நிற்க வேண்டியது நான் என்று முடிவாயிற்று. பாதிப் பேர் எதுவும் போகவில்லையே என்று சிரித்தார்கள். ஒரு ஐயப்ப சாமி மட்டும் பர்சைத் திறந்து பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். கார்டுகளை அவர் ஒரு வரிசையில் வைத்திருப்பாராம். வரிசை மாறியிருந்தது.

கவுண்டரில் சொன்ன பிறந்த தேதி

முதலில் அம்மாவின் ஏ.டி.எம். கார்டை நிறுத்த வேண்டும் என்று அந்த ஐயப்ப சாமிதான் சொன்னார். அவர் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்ப்பவர். கார்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்திருந்தால் அந்த நம்பர்களே போதும், சில வெளிநாட்டு வெப்சைட்டில் ரகசிய நம்பர்கூடக் கேட்காமல் சாமான் கொடுத்துவிடுவார்கள் என்றார்.

கார்டின் பின்பக்கம் இருந்த கஸ்டமர் கேர் நம்பருக்கு லாட்ஜ் போனிலிருந்து போட்டேன். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு எல்லாம் முடிந்து ஒரு பெண் பேசினாள். கார்டுக்காரர்தான் பேச வேண்டும் என்றாள். அம்மாவிடம் கொடுத்தேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். தனக்குக் கேட்காதது எதிரே இருப்பவருக்கும் கேட்காது என்று சத்தமாகப் பேசுவார். பெயர், கார்டு நம்பர், தாயார் பெயர் என்று ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுச் சொன்னார். கவுண்டரைச் சுற்றி ஒரு கூட்டம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

பிறந்த தேதி கேட்டபோதுதான் தடுமாறினார். "பங்குனி உத்தரத்துக்கு மறுநாள்" என்றார். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. பாஸ்போர்ட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதைச் சொல்லுங்கள் என்றேன்.

"அது வாத்தியார் போட்ட தேதி தம்பி. நான் பொறந்தது வேற."

"வாத்தியாருக்க தேதியச் சொல்லுங்க, பேங்குக்கும் அதுதான்."

கூட்டம் சிரித்தது. அம்மாவும் சிரித்துவிட்டார். ஸ்டெல்லா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் என் முழங்கையைத் தட்டி, "ஏலே, அவன் போட்டோ எடுத்துத்தான் திருடினான். இங்க நீங்க மைக்கு வச்சுல்லா சொல்லுதிய?" என்றாள். அதற்குப் பிறகுதான் போனை வயரோடு அண்ணாச்சியின் அறைக்குள் இழுத்துக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினோம். உள்ளே வைத்துத் தேதி சொல்லி, கார்டை நிறுத்தினோம். அதுவரை பணம் எதுவும் எடுக்கப்படவில்லை என்று அந்தப் பெண் சொன்னாள். கைச்செலவுக்கு அம்மாவிடம் ரொக்கம் இருந்தது.

ஏட்டையா

கார்டு நின்றதும் அம்மாவுக்குத் தைரியம் வந்தது. பாஸ்போர்ட்டைத் தரமாட்டேன், வாயால் சொல்கிறேன், எழுதிக்கொள்ளட்டும் என்று ஸ்டேஷனுக்கு வரச் சம்மதித்தார். பாஸ்போர்ட்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். அண்ணாச்சி, நான், அம்மா, அந்த ஐயப்ப சாமி நான்கு பேரும் போனோம். லைசென்ஸை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

புகார் வாங்கிய ஏட்டையா வயதானவர். எல்லாம் கேட்டுவிட்டு, பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டார். அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

"ஒரிஜினல் எனக்கு எதுக்கும்மா? நானா மஸ்கட்டுக்குப் போறேன்? ஒரு ஜெராக்ஸ் குடுங்க, போதும்."

ஜெராக்ஸ் எடுத்து வந்து கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. பேனாவை என்னிடம் நீட்டினார். அந்த நகலின் குறுக்கே, போட்டோமேலும் எழுத்துமேலும் படும்படி, இந்தப் புகாருக்கு மட்டும் என்று எழுதி, தேதி போட்டு, அம்மாவிடம் கையெழுத்து வாங்கச் சொன்னார். "இது எங்க கையில இருந்தும் எங்கயாவது போவும். அப்போ இத வச்சு வேற ஒண்ணும் வாங்க முடியாதுலா?" என்றார்.

புகார் பெற்றதற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார். நாளைக்கு விமான நிலையத்திலோ, பின்னால் எப்போதாவதோ யாராவது கேள்வி கேட்டால் இதைக் காட்டுங்கள், இந்தத் தேதியிலேயே நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்று இருக்கும் என்றார். அம்மா அதைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார். மதியம் அவரைத் திருவனந்தபுரம் பஸ்சில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு வந்தேன்.

லைசென்ஸ்காரர் சேலத்தில் இருப்பதாகப் பிறகு ஸ்டேஷனில் சொன்னார்கள். ஏதோ ஒரு மலை ஊருக்குச் சுற்றுலா போன இடத்தில் பர்சைத் தொலைத்திருக்கிறார். தொலைந்தது லைசென்ஸ்தானே என்று புதிது வாங்கிக்கொண்டு, புகார் கொடுக்காமல் இருந்துவிட்டார். அவர் பெயரில் எங்கெங்கே யார் தங்கினார்கள் என்று அவருக்கே தெரியாது. எங்களிடம் வந்தவன் யார் என்பது இன்றுவரை எனக்கும் தெரியாது.

இப்போது நான் செய்வது

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். யாருடைய ஒரிஜினல் கார்டையும் பொந்தில் வைக்காதீர்கள். நகல் வாங்கினால் எங்கள் லாட்ஜில் தங்குவதற்கு மட்டும் என்று குறுக்கே அவர்களையே எழுதச் சொல்லுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. கார்டில் இருக்கும் போட்டோவைப் பார்த்துவிட்டு எதிரே நிற்கிறவர் முகத்தையும் பாருங்கள். எனக்கு ஒருவர் முகத்தை நேராகப் பார்க்கக் கூச்சம். அதைப் பழகிக்கொள்ள நாளாயிற்று. கஸ்டமர் எங்கே போகிறார், எப்போது போகிறார் என்று கவுண்டரில் வைத்துச் சொல்ல ஆரம்பித்தால், பேச்சை மாற்றிவிடுங்கள்.

பயணம் போகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டும் கார்டும் உடம்போடு இருக்க வேண்டும், குளிக்கப் போகும்போதும் குளியலறைக் கதவுக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். ரகசிய நம்பரை உறைமேல் எழுதாதீர்கள். கார்டை நிறுத்துகிற போன் நம்பர் கார்டின் பின்னால்தான் இருக்கிறது. கார்டே போய்விட்டால் அதுவும் போய்விடும். அதை வேறு இடத்தில் எழுதி வையுங்கள். ஐ.டி. தொலைந்தால், புதிது கிடைத்துவிட்டது என்று சும்மா இருக்காதீர்கள், ஒரு புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். சேலத்துக்காரர் அப்படிச் செய்திருந்தால், தங்கியது தான் இல்லை என்று போலீசுக்கு விளக்க அவர் அலைந்திருக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பொருள் இடம் மாறியிருந்தாலே யாரிடமாவது சொல்லுங்கள். சண்முகவடிவு அம்மா அன்றைக்குக் கவுண்டருக்கு வந்து, ஒன்றும் காணாமல் போகவில்லை என்று தொடங்கினார். அப்படித் தொடங்குகிற புகாரை நான் அதன்பிறகு ஒரு நாளும் தள்ளியதில்லை.

அம்மாவைப் பஸ் ஏற்றிவிட்ட மறுநாள் பிற்பகல் லாட்ஜ் போனுக்கு மஸ்கட்டிலிருந்து அவர் மகள் பேசினாள். அம்மா வந்து இறங்கிவிட்டார், ஏர்போர்ட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை, ரசீதைக் காட்ட வேண்டி வரவில்லை என்று சொன்னாள். சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். மூன்றாம் மாடியில் தண்ணீர் வரவில்லை என்று கூப்பிட்டார்கள், மோட்டார் போடப் போனேன்.